அந்தச் சான்றிதழ் என்னுடையதல்ல

எங்கள் வீட்டு ஹோலில் கண்ணாடி போட்ட சான்றிதழ் ஒன்று தொங்குகிறது. தமிழ்மொழித்தினப் போட்டி, வலய மட்டம், கட்டுரை, இரண்டாம் இடம். அப்போது நான் தரம் 5. வீட்டுக்கு யார் வந்தாலும் அம்மா அதைக் காட்டுவா. "இவ சின்னனிலயே நல்லா எழுதுவா" என்பா. நான் தேத்தண்ணி போடுகிற சாட்டில் குசினிக்குள் போய்விடுவேன்.

ஏனென்றால் அந்தக் கட்டுரையை நான் எழுதவில்லை.

போட்டிக்கு ஒரு மாதத்துக்கு முதல் என்னைத் தெரிவு செய்தார்கள். எழுத்து வடிவாக இருக்கும், தந்ததை அப்படியே பாடமாக்குவேன், இவைதான் காரணம். வரக்கூடிய தலைப்புகள் என்று ஆறு கட்டுரைகளை ரீச்சர் தன் கையாலேயே எழுதித் தந்தா. பின்னேரங்களில் பாடசாலை விட்ட பிறகும் நின்று ஒவ்வொன்றாகப் பாடம் கேட்டா. போட்டியில் அந்த ஆறில் ஒன்றுதான் வந்தது. மரங்களைப் பற்றியது. மூன்றாவது பந்தி வரைக்கும் கை தானாக ஓடியது. நாலாவது பந்தியில் ஒரு வசனம் மறந்துவிட்டது. எவ்வளவு யோசித்தும் வரவில்லை. நேரம் போகிறது. பயத்தில் எனக்குத் தெரிந்த ஒன்றை அந்த இடத்தில் எழுதினேன்: "எங்கட வீட்டு முருங்கை முறிஞ்ச அண்டு அம்மம்மா சமைக்கேல்லை."

முடிவு வந்தபின் ரீச்சர் கேட்டா, "எல்லாம் அப்பிடியே எழுதினனியோ?" நான் நடந்ததைச் சொன்னேன். ரீச்சர் பேசவில்லை, அடிக்கவில்லை. பெருமூச்சு விட்டு, "அதாலதான் முதலாம் இடம் போச்சுது" என்று மட்டும் சொன்னா.

இன்றைக்கு யோசித்தால், அந்தக் கட்டுரையில் எனக்கென்று இருந்தது அந்த ஒரு வசனம்தான். அதுதான் பிழை என்று எனக்குப் பத்து வயதில் விளங்கப்படுத்தப்பட்டது. ரீச்சரில் எனக்குக் கோபம் இல்லை. சம்பளம் இல்லாமல் ஒரு மாதம் எனக்காக நின்றவ. அவவுக்கும் மேலே இருந்து பெறுபேறு கேட்டார்கள். ஆனால் அண்டைக்கு நான் படித்துக்கொண்ட பாடம் கனகாலம் என்னோடு இருந்தது: உனக்குத் தெரிந்ததை எழுதாதே, எழுத வேண்டியதை எழுது.

கம்பஸில் முதலாம் வருடம். விரிவுரையாளர் ஒரு கவிதையைத் தந்து, குறிப்பு எதையும் பார்க்காமல் அதைப் பற்றி நீங்கள் நினைப்பதை ஒரு பக்கத்தில் எழுதுங்கள் என்றார். நாற்பது நிமிடம். நான் எழுதிய முதல் வரி: "இக்கவிதை காலத்தின் கண்ணாடியாகத் திகழ்கின்றது." பக்கத்தில் இருந்தவளின் தாளை எட்டிப் பார்த்தேன். அவளும் கண்ணாடிதான். பின்னுக்கு இருந்த பெடியனும் கண்ணாடி. உயர்தரத்தில் தமிழுக்கு நல்ல பெறுபேறு எடுத்து வந்த நாங்கள் எல்லோரும், ஒரு கவிதை எனக்குப் பிடிச்சுதா இல்லையா, ஏன் என்று நாலு வரி எழுதத் தெரியாமல் இருந்தோம்.

ஆகவே "இப்ப பிள்ளையளுக்குக் கவிதையில விருப்பமில்லை, போனோடதான் இருக்குதுகள்" என்று யாராவது சொல்லும்போது எனக்கு ஏற்றுக்கொள்ள முடிவதில்லை. போன் வருவதற்கு முதலே நாங்கள் இதைக் கெடுத்துவிட்டோம்.

பாட்டு எப்போது பரீட்சையாகிறது?

சின்னப் பிள்ளைகளைக் கொஞ்ச நேரம் கவனித்துப் பாருங்கள். மூன்று வயதில் ஒரு சொல் பிடித்துவிட்டால் அதை இருபது தரம் சொல்லித் திரியும். கை தட்டிப் பாடும். சொல்லைத் திருப்பிப் போட்டுச் சிரிக்கும். "நிலா ஏன் எங்களுக்குப் பின்னாலயே வருது?" என்று கேட்கும். ஓசை, திரும்பச் சொல்லல், ஒன்றை இன்னொன்றாகப் பார்த்தல் என்று கவிதைக்கு வேண்டியதெல்லாம் பாடசாலைக்குப் போக முதலே அதனிடம் இருக்கிறது. எங்கள் கிழவிகள் சொல்லும் நொடிகளும் இதே வேலையைத்தான் செய்கின்றன. ஒரு பொருளின் பெயரைச் சொல்லாமல் அதை வேறொன்றாகக் காட்டுகிற விளையாட்டுத்தானே நொடி.

பிறகு பாடசாலையில் பாட்டு "பா ஓதல்" ஆகிறது. எந்த வரிக்குக் கையை உயர்த்துவது, எந்த வரிக்குச் சிரிப்பது என்று அளந்து பழக்குகிறோம்.

நவாலியூர் சோமசுந்தரப் புலவரின் ஆடிப்பிறப்புப் பாட்டை எடுங்கள். 1878 இல் பிறந்து 1953 இல் மறைந்தவர், ஆசிரியராக இருந்தவர், பிள்ளைகளுக்கு எழுதியதால் தங்கத்தாத்தா என்று அழைக்கப்பட்டவர். அந்தப் பாட்டில் உபதேசம் ஒன்றும் இல்லை. நாளைக்குப் பள்ளிக்கூட லீவு என்ற சந்தோசம் இருக்கிறது. வீட்டில் அரிசி இடிக்கிறார்கள், கூழ் காய்ச்சுகிறார்கள், கொழுக்கட்டை அவிக்கிறார்கள். பிள்ளைகள் ஓடிப்போய்ப் பலாவிலை பொறுக்குகிறார்கள். ஒரு குசினியும் முற்றமும் லீவு நாளும் போதும், பாட்டு வந்துவிடும் என்று அந்தத் தாத்தா காட்டியிருக்கிறார். நாங்களோ அந்தப் பாட்டைப் பாடமாக்க வைத்துவிட்டு, பிள்ளையின் வீட்டுக் குசினியைப் பற்றி ஒரு கேள்விகூடக் கேட்காமல் அடுத்த பாடத்துக்குப் போய்விடுகிறோம்.

பதினான்கு சூரியன்கள்

இதையெல்லாம் பெரிய அறிவாளி மாதிரி எழுதுகிறேன். ஆனால் நானே முதலில் அதே பிழையைத்தான் விட்டேன்.

எங்கள் ஊர் வடமராட்சிக் கரையோரத்தில் இருக்கிறது. கம்பஸ் லீவில் வந்து நின்றபோது, சனசமூக நிலையத்தில் சனிக்கிழமைகளில் தரம் 3 முதல் 5 வரையான பிள்ளைகளை வைத்து எழுத்து வகுப்பு மாதிரி ஒன்று செய்வோம் என்று நானும் இரண்டு சிநேகிதிகளும் தொடங்கினோம். முதல் நாள் பதினான்கு பேர் வந்தார்கள். நான் வெண்பலகையில் "இயற்கை" என்று எழுதி, இதைப் பற்றி ஒரு கவிதை எழுதுங்கோ என்றேன். பதினான்கு பேரும் கிழக்கே உதிக்கும் சூரியனைக் கொண்டு வந்தார்கள். பன்னிரண்டு தாளில் பறவைகள் கீதம் பாடின. இரண்டு தாளில் அருவி சலசலத்தது. எங்கள் ஊரில் எங்கே அருவி? அந்தப் பிள்ளைகள் தங்கள் வாழ்க்கையில் அருவியை நேரில் பார்த்ததே இல்லை. அவர்கள் வீட்டு வாசலில் நின்றால் தெரிவது கடல். அதைப் பற்றி ஒருவரும் எழுதவில்லை. கடல் பாடப்புத்தகத்து இயற்கைக்குள் வராது என்று நினைத்தார்களோ தெரியாது.

அடுத்த கிழமை தலைப்பே கொடுக்கவில்லை. "விடிய எழும்பேக்க உங்கட வீட்டில என்ன சத்தம் கேக்கும்? கேட்டதை மட்டும் எழுதுங்கோ. நீங்கள் கதைக்கிற மாதிரியே எழுதலாம். எழுத்துப் பிழை பார்க்க மாட்டன்" என்றேன். கொஞ்ச நேரம் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு இருந்தார்கள். ஒரு பெடியன், "அக்கா, உண்மையா உள்ளதை எழுதலாமோ?" என்று கேட்டான். எனக்கு அந்தக் கேள்வி வலித்தது. உள்ளதை எழுதப் பிள்ளை அனுமதி கேட்க வேண்டியிருக்கிறது.

தரம் 4 படிக்கிற அவன் எழுதியது இது:

"எங்கட மோட்டர் தண்ணி இழுக்கேக்க இருமும். அம்மம்மாவும் இருமுவா. ஆர் இருமினதெண்டு தெரியாது."

இதை வாசித்தபோது மற்றப் பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பிறகு எல்லோருக்கும் எழுத ஆசை வந்துவிட்டது. ஒரு பிள்ளையை எழுத வைப்பதற்கு, பக்கத்தில் இருக்கிற பிள்ளை எழுதியதைவிட நல்ல சாமான் வேறு இல்லை.

நாயும் அலுமாரியும்

இதுக்கெல்லாம் நாங்கள் ஒன்றும் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை. வேறு ஊர்களில் செய்து பார்த்தவர்கள் இருக்கிறார்கள். இத்தாலியில் ஜானி ரோதாரி என்று ஒரு சிறுவர் எழுத்தாளர் இருந்தார். இளம் வயதில் ஆரம்பப் பாடசாலையில் படிப்பித்தவர், 1970 இல் அன்டர்சன் விருது பெற்றவர். பிள்ளைகளோடு கதை உருவாக்குவது பற்றி 1973 இல் ஒரு புத்தகம் எழுதினார். அதில் அவர் சொல்லும் ஒரு விளையாட்டு மிகச் சுலபமானது. சம்பந்தமே இல்லாத இரண்டு சொற்களைப் பக்கத்தில் வைப்பது. குதிரையும் நாயும் என்றால் சரிவராது, இரண்டும் மிருகம், மனம் வேலை செய்யாது. நாயும் அலுமாரியும் என்றால் உடனே கேள்வி வருகிறது. அலுமாரிக்குள் நாய் எப்படிப் போனது? அந்தக் கேள்வியில் கதை தொடங்கிவிடும்.

நாங்கள் துண்டுக் கடதாசியில் சொற்களை எழுதி ஒரு பழைய பிஸ்கட் ரின்னுக்குள் போட்டோம். ஆளுக்கு இரண்டு எடுக்க வேண்டும். ஒரு சின்னவளுக்கு நிலாவும் செருப்பும் வந்தன. அவள் எழுதினாள்: "நிலாவுக்கு ஒரு செருப்புத்தான் இருக்கு. மற்றது எங்கட கிணத்துக்குள்ள கிடக்கு."

அமெரிக்கக் கவிஞர் கென்னத் கோக் 1960களின் இறுதியில் நியூயோர்க் நகரத்து ஆரம்பப் பாடசாலை ஒன்றில் கவிதை படிப்பித்தார். அந்த அனுபவத்தை 1970 இல் புத்தகமாகவும் கொண்டு வந்தார். அவர் பிள்ளைகளிடம் எதுகை மோனை கேட்கவில்லை. எழுத்துப் பிழையைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம் என்றார். ஒவ்வொரு வரியும் "எனக்கு விருப்பம்" என்கிற மாதிரித் தொடங்கட்டும் என்றார். இன்னொரு நாள் பொய் மட்டும் எழுதச் சொன்னார். பொய் சொல்ல அனுமதி கிடைத்தால் பிள்ளைகள் என்ன செய்வார்கள் என்று யோசித்துப் பாருங்கள். எங்கள் வகுப்பில் வந்த பொய்களில் எனக்குப் பிடித்தது: "எங்கட ஆடு இங்கிலிஷ் ரியூசனுக்குப் போகுது. பன்னிரண்டு மாதத்தில அதுக்கு மே மட்டும்தான் சொல்ல வரும்."

பழைய நொடிகளைச் சொல்லிவிட்டு, புதுச் சாமான்களுக்கு நொடி கட்டச் சொன்னோம். "சுவரில வாலைச் செருகிச் சாப்பிடும். சாப்பிட்டு முடிய வீட்டில எல்லாரும் அதைத்தான் பார்ப்பினம்." விடை, போன். நொடி கட்டிய பிள்ளைக்குத் தான் உருவகம் செய்தது தெரியாது. அந்தச் சொல்லைத் தரம் 5 இல் தெரிய வேண்டிய தேவையும் இல்லை.

எழுத்துப் பிழையும் பேச்சுத் தமிழும்

இந்த இடத்தில் எல்லோரும் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு. இப்படியே விட்டால் ல, ழ, ள விளங்காமல் போய்விடாதா? ர, ற எப்போது படிப்பது?

நியாயமான கேள்விதான். எழுத்துத் தமிழ் வேண்டும் என்பதில் எனக்கு மறு கருத்தில்லை. அது தெரியாவிட்டால் விண்ணப்பம் எழுத முடியாது, பத்திரிகை வாசிக்க முடியாது, இந்தக் கட்டுரையும் எழுத முடியாது. என் பிரச்சினை ஒழுங்கைப் பற்றியது. எது முதல், எது பிறகு என்பது.

எங்கள் கொப்பியில் இடது பக்கம் முதல் எழுத்து. அதில் நாங்கள் கை வைப்பதில்லை, சிவப்புப் பேனைக்கு அங்கே வேலை இல்லை. வலது பக்கத்தில் பிள்ளை தானே அதைத் திருத்தி எழுதும். அப்போது எழுத்துப் பிழை பார்ப்போம், அகராதி பார்ப்போம். சொல்ல ஏதோ ஒன்று இருக்கிற பிள்ளை, அது மற்றவருக்கு விளங்க வேண்டும் என்பதற்காகவே எழுத்துப் பிழையில் கவனம் எடுக்கும். சொல்ல ஒன்றும் இல்லாத பிள்ளை, அடிக்குப் பயந்து கவனம் எடுக்கும். அடி நிற்க, கவனமும் நின்றுவிடும்.

நிலாவின் செருப்பை எழுதிய சின்னவள் வலது பக்கத்தில் "கிணற்றுக்குள் கிடக்கின்றது" என்று திருத்தி எழுதினாள். பிறகு இரண்டு பக்கத்தையும் மாறி மாறி வாசித்துவிட்டுச் சொன்னாள், "அக்கா, இது நியூஸ் வாசிக்கிற மாதிரி இருக்கு. எனக்கு அந்தப் பக்கம்தான் விருப்பம்." எட்டு வயது. எந்த மொழிநடை எந்த இடத்துக்குப் பொருந்தும் என்று நாங்கள் மூன்று வருடம் கம்பஸில் இருந்து படிக்கிற விசயம் அவளுக்கு ஒரு பின்னேரத்தில் விளங்கிவிட்டது.

1960களின் தொடக்கத்தில் ஈழத்து எழுத்தாளர்கள் இதே விசயத்துக்காகச் சண்டை பிடித்திருக்கிறார்கள். மரபுப் போராட்டம் என்று இலக்கிய வரலாற்றுப் பாடத்தில் படிக்கிறோம். மண்வாசனையோடு, மக்கள் பேசுகிற மொழியில் எழுதியதை இழிசனர் இலக்கியம் என்றார்கள். அந்த எழுத்தாளர்கள் விட்டுக்கொடுக்கவில்லை. மஹாகவி போன்றவர்கள் கவிதைக்குள்ளேயே பேச்சோசையைக் கொண்டு வந்தார்கள். அவர்கள் அந்தச் சண்டையில் வென்று அறுபது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. ஆனால் தரம் 4 வகுப்பறைக்குள் அந்தச் செய்தி இன்னும் போய்ச் சேரவில்லை. யாழ்ப்பாணத்துப் பிள்ளையின் "அண்டைக்கு" பிழை, மட்டக்களப்புப் பிள்ளையின் "மறுகா" பிழை, மலையகப் பிள்ளையின் "வந்துச்சி" பிழை. வீட்டில் கேட்ட மொழி முழுதும் பிழை என்றால், அந்த மொழியில் நடந்த வாழ்க்கையும் எழுதத் தகாதது என்றுதானே பிள்ளை நினைக்கும்.

சோதினை முடியட்டும்

எங்கள் வகுப்பில் மிக நன்றாக எழுதியவள் ஒரு தரம் 5 பிள்ளை. அப்பா கடல் தொழில். அவள் எழுதிய ஒரு வரி இன்னும் என் போனில் படமாக இருக்கிறது: "அப்பாட சறம் மீன் மணக்கும். மணக்காட்டி அண்டைக்கு வீட்டில காசில்லை."

மூன்றாவது மாதம் அவள் வரவில்லை. தேடிப் போனேன். தாய் கதிரை எடுத்துப் போட்டு இருத்திவிட்டுச் சொன்னா, "பிள்ளை, குறை நினைக்காதையும். சனிக்கிழமையும் ஸ்கொலசிப் வகுப்பு வைக்கினம். சோதினை முடியட்டும், பிறகு அனுப்பிவிடுறன்."

அந்தத் தாயோடு எப்படி வாதாடுவது? புலமைப்பரிசில் பரீட்சையில் 200 புள்ளி. வெட்டுப்புள்ளிக்கு மேல் எடுத்தால் ரவுணில் பெரிய பாடசாலை, வசதி குறைந்த பிள்ளை என்றால் மாதாந்தம் ஒரு உதவித்தொகை. காசில்லாத நாளைச் சறத்தின் மணத்தில் கண்டுபிடிக்கிற வீட்டுக்கு அது சின்ன விசயமில்லை. கவிதை முக்கியம், சோதினை முக்கியமில்லை என்று அந்த முற்றத்தில் இருந்து சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சொல்லவும் கூடாது என்று நினைக்கிறேன்.

ஆனால் உங்களிடம் ஒன்று சொல்லலாம். இந்தத் தெரிவைப் பத்து வயதுப் பிள்ளையின் முன்னால் வைக்கிற நிலைமைதான் பிழை. எழுதுவது படிப்புக்கு வெளியே சனிக்கிழமை செய்கிற ஆடம்பர வேலையாக இருக்கும்வரை, வசதி குறைந்த வீட்டுப் பிள்ளைதான் முதலில் அதிலிருந்து விலகும். அது வகுப்பறைக்குள், பாடவேளைக்குள் இருக்க வேண்டும். கிழமைக்கு ஒரு பாடவேளை போதும். போட்டி இல்லை, புள்ளி இல்லை, பாடமாக்கல் இல்லை. இரண்டு மூன்று தரங்களை ஒன்றாக வைத்துப் படிப்பிக்கிற சின்னப் பாடசாலையிலும் இது முடியும். பிஸ்கட் ரின்னும் துண்டுக் கடதாசியும் எல்லாத் தரத்துக்கும் ஒன்றுதான்.

எல்லோரும் கவிஞராக வேண்டுமா என்றும் கேட்பார்கள். வேண்டாம். எங்கள் பதினான்கு பேரில் ஒருவரும் கவிஞராக வராமல் போகலாம். ஆனால் தன் வீட்டில் நடந்ததைத் தன் சொல்லில் சொல்லத் தெரிந்த பிள்ளை, நாளைக்குத் தனக்கு நடந்த அநியாயத்தையும் சொல்லத் தெரிந்த ஆளாக வரும். எங்கள் சமூகத்தில் சொல்லாமல் விழுங்கிய கதைகள் காணும்.

இதை வாசிக்கிற கனபேர் என்னைப் போல லீவுக்கு ஊருக்குப் போகிறவர்கள். உங்களிடம் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. ஊர்ச் சனசமூக நிலையமோ, கோயில் மடமோ, உங்கள் வீட்டு விறாந்தையோ, ஒரு மணித்தியாலம். கவிதை என்ற சொல்லையே எடுக்காதீர்கள். விடியக் கேட்ட சத்தத்தைக் கேளுங்கள். அவர்கள் எழுதுகிறபோது நீங்களும் இருந்து எழுதுங்கள், எழுதியதை வாசித்துக் காட்டுங்கள். வீட்டில் தம்பி தங்கச்சி இருந்தால் அவர்கள் எழுதியதில் முதலில் எழுத்துப் பிழையைத் தேடாமல், "பிறகு என்ன நடந்தது?" என்று கேளுங்கள்.

போன மாதம் அம்மாவிடம் சான்றிதழ்க் கதையைச் சொல்லிவிட்டேன். ஆறு கட்டுரை, மறந்த வசனம், முருங்கை எல்லாம். அம்மா கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, "உண்மைதான். முருங்கை முறிஞ்ச அண்டு கிழவி அடுப்பே மூட்டேல்லை" என்றா. சுவரைப் பார்த்துவிட்டு, "அப்ப இதைக் கழட்டுவமோ?" என்று கேட்டா.

வேண்டாம், இருக்கட்டும் என்றேன். அந்த இரண்டாம் இடத்துக்குள் என்னுடைய ஒரு வசனம் இருக்கிறது.